குறட்டையும் நல்ல உறக்கமும்

குறட்டை விடுகிறவரைக் கண்டால், "கவலையில்லாத மனிதர், கொடுத்து வைத்தவர்" என்கிறோம். அதே மனிதர் பகலில் வேலைக்காட்டில் கண் அயர்ந்தால், "சோம்பேறி, கும்பகர்ணன்" என்று ஏசுகிறோம். இவ்விரு பேச்சும் தவறாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகமே வெகுகாலம் கழித்துத்தான் அறிந்துகொண்டது.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' கதையில் ஜோ என்றொரு வேலைக்காரப் பையன் வருகிறான். உடல் பருத்தவன். சொன்ன வேலைக்கு நடுவிலும் தூங்கிக் குறட்டை விடுவான். படித்தவர்கள் சிரித்தார்கள், வேறென்ன செய்வார்கள்?

1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் அவரோடு பணியாற்றியோரும் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதி, அந்தக் கதையின் பெயரையே நோய்க்குச் சூட்டினார்கள். சீட்டாட்டத்தில் வெல்லக்கூடிய சீட்டுகள் கையில் இருந்தும் தூங்கிப்போய் ஆட்டத்தைக் கோட்டைவிட்டவர் அவர்! பருத்த உடலால் மூச்சுக் குறைந்து, கரியமிலவாயு இரத்தத்தில் தேங்குவதே தூக்கத்திற்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். இரவில் நடப்பது அப்போதும் விளங்கவில்லை.

1965இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் தனித்தனியே, தூங்குவோரின் மூச்சையும் மூளையின் மின்னலைகளையும் பதிவுசெய்து உண்மையைக் கண்டார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. வழி குறுகியதும் மெல்லிய சதை காற்றில் அதிர்கிறது, அதுவே குறட்டை. சிலருக்கோ வழி முழுதும் அடைபட்டுவிடுகிறது. மார்பு அசையும், காற்று உள்ளே போகாது. பத்து வினாடி, இருபது வினாடி, சில வேளை அதற்கும் மேல். மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்கிறது. கடுமையான நோயாளிக்கு ஓரிரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழும். காலையில் ஒன்றும் நினைவிராது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் சரியாகத் தூங்காத இவர், லாரி ஓட்டுபவராக இருந்தால் என்னவாகும்? இரத்த அழுத்தமும் ஏறுகிறது. மெலிந்தவருக்கும் இது வரலாம். குறட்டை விடும் எல்லாருக்கும் இந்நோய் உண்டு என்பதில்லை. குறட்டை சட்டென நின்று, பின்பு திணறலோடு தொடங்குகிறதா என்பதே கேள்வி. அதைக் கேட்பவர் பக்கத்தில் படுப்பவர்தான். ஆகவே மருத்துவரிடம் போகும்போது மனைவியும் கூடப் போவது நல்லது.

முன்பு கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் கொலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றைத் தொடர்ந்து செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். முதலில் அதைக் கொண்டு தூங்கியவர்கள் ஐந்து பேர். இன்று பல நாடுகளில், படுக்கையருகே ஒரு சிறு பெட்டியாக அது இருக்கிறது.