காவலனுக்கும் ஒரு காவல்

விளையாட்டுப் பொருளின் வரலாற்றிலும் உயிர்காக்கும் பாடம் உண்டு. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் காட்சிக்கு வைத்த பொம்மைத் தொடர்வண்டி, சாவி கொடுத்தால் ஓடுவது. அதனால் மின்தீங்கு இல்லை. பின்னர் மின்சாரம் வந்தது. உடன் ஆபத்தும் வந்தது. வீட்டு மின்சாரத்தை ஒரு விளக்கின் வழியாகத் தண்டவாளத்தில் பாய்ச்சினர். விளக்கு மின்னோட்டத்தைக் குறைத்ததேயன்றி, தண்டவாளத்தை வீட்டு மின்சாரத்தினின்று பிரிக்கவில்லை. குழந்தையின் விரல் பட்டால் உயிருக்கே கேடு.

1926இல் அந்நிறுவனம் 20 வோல்ட்டு முறையைக் கொணர்ந்தது. மின்மாற்றியே அதன் உயிர்நாடி. 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் தத்துவத்தின்படி, ஒன்றையொன்று தொடாத இரு கம்பிச் சுருள்கள் மின்னழுத்தத்தைத் தாழ்த்தித் தந்தன. குழந்தைக்கு ஒரு காவலன் வாய்த்தான்.

ஆயினும், தடம் புரண்ட வண்டியின் உலோகச் சக்கரம் குறுக்குச் சுற்றை உண்டாக்கினால், மிகை மின்னோட்டத்தால் சுருள் கொதித்துக் காப்புறை கருகும். காப்புறை அழிந்து இரு சுருள்களும் ஒன்றுபட்டால் பழைய ஆபத்தே மீளும். ஆகவே, மின்மாற்றியினுள் ஈருலோகத் தகடு இடம்பெற்றது. சூடேறினால் அது வளைந்து சுற்றைத் துண்டிக்கும். ஆறியபின் மீண்டும் இணைக்கும்.

காப்பவனைக் காவாதுவிடின் காப்பு நிலையாது என்பதே இச்சிறு கருவி புகட்டும் பாடமாகும்.