வெளியேறுதல் என்னும் மரபு

கிராமத்தை விட்டுப் போகிற மகனைப் பற்றிய கதைகளில் ஒரு சௌகரியம் உண்டு. கிராமம் பழையது, மகன் புதியவன் என்று வைத்துக்கொண்டுவிட்டால் மீதிக் கதை தானாகவே வந்துவிடும். எட்கர் ரைட்ஸின் 'ஹைமாட்' தொலைக்காட்சித் தொடர் இந்தச் சௌகரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துவிடுகிறது. அதனாலேயே அதை முக்கியமான சரித்திரப் படைப்பு என்று நினைக்கிறேன். அதிலுள்ள ஒரு பள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதும் அதனால்தான்.

பதினொரு பகுதிகள், பதினைந்து மணி நேரத்துக்கு மேல். 1984இல் மேற்கு ஜெர்மனியில் ஒளிபரப்பாயிற்று. மோசல், நாஹே, ரைன் நதிகளுக்கு இடைப்பட்ட ஹுன்ஸ்ரூக் மேட்டுநிலத்தில் ஷாபாக் என்று ஒரு கற்பனை ஊர். 1919 முதல் 1982 வரை அதன் கதை. ரைட்ஸ் 1932இல் அதே பிரதேசத்து மோர்பாக்கில் கடிகாரக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இளம் வயதிலேயே ம்யூனிக்குக்குப் போய்விட்டவர். ஆக, விட்டுப் போனவன் எடுத்த படம் இது. தலைப்பாக இருக்கும் சொல்லுக்குச் சொந்த ஊர், மண், பிறந்தகம் என்று எல்லாம் அர்த்தம். நாஜிகள் வாயில் கிடந்து அழுக்கான சொல். 1950களின் ஜெர்மன் சினிமா அதன்மேல் மலையும் புல்வெளியும் பூசி விற்றது. அதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளத் துணிவு வேண்டும்.

கொல்லன் மகன் பௌல், யுத்தக் கைதியாக இருந்துவிட்டு, பிரான்ஸிலிருந்து 1919இல் நடந்தே ஊர் திரும்புகிறான். சமையலறையில் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பேசுகிறார்கள். அவனால் அவர்களோடு ஒட்ட முடியவில்லை. மரியாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான், ரேடியோப் பெட்டி செய்கிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள். 1928இல் ஒருநாள் வீட்டிலிருந்து கிளம்பி நடந்து போய்விடுகிறான். சண்டை இல்லை, தகப்பனின் கொடுமை இல்லை, விடைபெறுதலும் இல்லை. பின்னால் அமெரிக்காவில் தொழிற்சாலை முதலாளியாக இருக்கிறான் என்று தெரியவருகிறது. காரணம் சொல்லாமல் விட்டதுதான் ரைட்ஸின் நேர்மை. காரணம் சொல்லியிருந்தால் ஊரைக் குற்றவாளியாக்கித் தீர்ப்பு எழுதிவிட்டு நாம் எழுந்து போயிருப்போம்.

கைவிடப்பட்ட மரியாவின் பக்கம்தான் நம் மனம் நிற்கிறது. 1930களின் கடைசியில் நெடுஞ்சாலை போட வந்த எஞ்சினியர் ஓட்டோவுக்கும் அவளுக்கும் 1940இல் ஹெர்மன் பிறக்கிறான். ஊர் ஒப்புக்கொண்ட பிறப்பு அல்ல அது. இந்த ஹெர்மன் பதினைந்து பதினாறு வயதில், தன்னைவிடப் பதினொரு வயது மூத்த கிளேர்ஹெனை நேசிக்கிறான். அப்போது அந்தப் பெண்ணைத் துரத்துவது யார்? மரியாவேதான். கூடச் சேர்ந்துகொள்பவன் மூத்த மகன் ஆன்டன். ரஷ்யச் சிறையிலிருந்து நடந்தே திரும்பி, கண்ணாடிவில்லைத் தொழிற்சாலை ஆரம்பித்த நவீன மனிதன். அவன் எழுதுகிற மிரட்டல் கடிதத்தில் ஊரின் குரல் முழுசாகக் கேட்கிறது.

தலைமுறை மோதல் என்று நாம் சோம்பேறித்தனமாகச் சொல்வதன் உள்ளே இருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. மரபு என்பது மேலேயிருந்து இறங்கிவந்த பழைய வஸ்து அல்ல. நேற்று மரபால் அடிபட்டவர்கள் இன்று தங்கள் கையால் அதைப் புதிதாகச் செய்கிறார்கள். மரியாவின் கொடுமைக்கு வயது முப்பதுகூட இல்லை. பௌல் போன நாளில் பிறந்த பயம் அது.

2013இல் ரைட்ஸ் 'டீ ஆண்டரே ஹைமாட்' என்ற படத்தில் இதே ஊரின் 1840களுக்குப் போனார். பசியும் வறுமையும் தாங்காமல் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிப் பிரேஸிலுக்குக் கிளம்புகிறார்கள். இது கற்பனை அல்ல. பிரேஸிலின் தென்கோடி மாநிலத்தில் ஜெர்மன் குடியேற்றம் 1824இல் தொடங்கியது. ஹுன்ஸ்ரூக் பேச்சிலிருந்து வளர்ந்த ஒரு மொழி இன்றும் அங்கே புழங்குகிறது. படத்தில் ஒரு விசித்திரம்: தென்னமெரிக்கப் பழங்குடி மொழிகளைப் புத்தகத்தில் படித்துக் கனவு கண்டவன் யாக்கோப், கப்பலேறுகிறவனோ அவன் அண்ணன். கனவு கண்டவன் ஊரிலேயே நின்றுவிடுகிறான். அப்படியானால் பௌல் மரபை மீறியவன் அல்லன். அந்த ஊரின் மிகப் பழைய மரபே வெளியேறுவதுதான்.

இதுவரை ரைட்ஸோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இந்தத் தொடர் ஏன் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1979 ஜனவரியில் 'ஹாலகாஸ்ட்' என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜெர்மனியில் காட்டப்பட்டது. அமெரிக்கர்கள் எங்கள் சரித்திரத்தை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டார்கள் என்ற அர்த்தத்தில் ரைட்ஸ் கோபமாக எழுதினார். சொந்த ஞாபகத்திலிருந்து சரித்திரத்தை மீட்பது அவர் திட்டம். ஞாபகத்துக்கு என்ன பிடிக்கும்? ரேடியோ, முதல் டெலிபோன், புதிய சாலை. எஸ்.எஸ்.காரன் வில்ஃப்ரீட் ஒரு விருந்தில் யூதர்கள் புகைபோக்கி வழியாகப் போவதைப் பற்றிச் சொல்கிறான். கேட்டவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ஓட்டோவுக்கு யூதத் தாய். அதனால் வேலை போகிறது. பதினைந்து மணி நேரத்தில் அந்தப் பக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

படம்பிடிக்கப்பட்ட அதே வட்டாரத்தில் லவுஃபர்ஸ்வைலர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. 1938 நவம்பரில் அதன் உட்புறம் நாசமாக்கப்பட்டது. கட்டடம் இன்றும் நிற்கிறது, நினைவிடமாக. அந்தத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் வெளியேறினார்கள். ஆனால் அதற்கு வெளியேறுதல் என்று பெயரில்லை. பௌலின் மௌனத்தை மதித்த கேமரா, இவர்களின் மௌனத்தை வெறும் மௌனமாகவே விட்டுவிட்டது.

கடைசிப் பகுதியில், 1982இல், மரியாவின் சவ ஊர்வலத்தில் பெருமழை பிடித்துக்கொள்கிறது. எல்லோரும் ஒதுங்க ஓட, சவப்பெட்டி நடுத்தெருவில் தனியாக நனைகிறது. தாமதமாக வந்த ஹெர்மன் அதைப் பார்க்கிறான். இசையமைப்பாளனாகிவிட்ட அவன், ஊர்ப் பேச்சு வழக்கின் சொற்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் பாடவைக்கிறான். விட்டுப் போனவனால்தான் அந்தச் சொற்களைக் காதால் கேட்க முடிகிறது. இருந்தவர்களுக்கு அவை வாயில் வருகிறவை மட்டுமே. விட்டுப் போகிறவனுக்கு ஊர் பாட்டாகத் திரும்பக் கிடைக்கிறது. அது பெரிய பாக்கியம்.

ஊர்த் திருவிழாவில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரு கூடத்தில் கூடுகிறார்கள். மரியாவும் போய்ச் சேர்ந்துகொள்கிறாள். அழகான காட்சி, என்னைக் கலக்கிய காட்சி. இரண்டாம் முறை பார்த்தபோது முகங்களை எண்ணத் தொடங்கினேன். லவுஃபர்ஸ்வைலரிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.