எண்பது கடந்த முதியோர் நலனும் ஊரக நகர வேறுபாடும்: மேச்சேரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எண்பது வயதைக் கடந்தோரின் உடல்நலத்தையும் வாழ்க்கைத்தரத்தையும் ஆராய்வோர் பெரும்பாலும் ஊரகம், நகரம் என்னும் பாகுபாட்டிலிருந்தே தொடங்குகின்றனர். சேலம் மாவட்டம் மேச்சேரி இப்பாகுபாட்டுக்குள் எளிதில் அடங்குவதில்லை. பேரூராட்சி ஆதலால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது நகரம். அதைச் சூழ்ந்த ஊராட்சிகள் ஊரகம். ஆயினும் மானாவாரி வேளாண்மையும் மேச்சேரி ஆடு வளர்ப்பும் இரண்டுக்கும் பொதுவானவை. முதியோர் நலத்திட்டங்கள் இத்தகைய பகுதிகளை எவ்வாறு வந்தடைந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உதவித்தொகை

சென்னை மாநில அரசு 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 1995இல் நடுவண் அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2011இல் அத்திட்டத்தில் எண்பது கடந்தோருக்கான நடுவண் அரசின் பங்கு 500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது, முதுமைக்குள்ளும் ஒரு மூத்த பருவம் உண்டென்பதை அரசு ஏற்றது. தமிழ்நாட்டில் இத்தொகை 2023இல் 1,200 ரூபாயாயிற்று.

தொகை உயர்ந்தபோதே அது வழங்கப்படும் முறையும் மாறியது. முன்பு அஞ்சல்காரர் பணவிடையை வீட்டு வாசலில் கொடுத்தார். பின்னர் வங்கிக் கணக்கும் கைரேகைப் பதிவும் வந்தன. உழைப்பாலும் முதுமையாலும் ரேகை தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்காதபோது, உரிய பணமே எட்டாப் பொருளாகிவிடுகிறது.

மருத்துவம்

உதவித்தொகை ஊர்களுக்கு முன்னரே வந்தது. முதியோர் மருத்துவமோ தலைநகரில் தொடங்கி அங்கேயே நெடுங்காலம் தங்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோர் நலப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கான பட்ட மேற்படிப்பு தொடங்கப்பட்டது. 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் கிண்டியிலேயே அமைந்தது. மேச்சேரியிலிருந்து இவை 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இத்திசையை மாற்றியது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வந்தன. எனினும் கண்புரை, செவித்திறன் குறைவு, மறதிநோய், இடுப்பெலும்பு முறிவு ஆகியவற்றுக்குப் பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். உடன்செல்லத் துணையும் வேண்டும்.

முடிவுரை

மேச்சேரிப் பேரூராட்சியின் முதியவருக்கும் அண்டை ஊராட்சியின் முதியவருக்கும் உயர்சிகிச்சைக்கான வழி மேட்டூரோ சேலமோதான். கணக்கெடுப்பு ஒருவரை நகரத்தவர் என்றும் மற்றவரை ஊரகத்தவர் என்றும் பிரித்தாலும் இருவரின் இடர்ப்பாடும் ஒன்றே. ஆகவே, எண்பது கடந்தோரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க நிருவாக எல்லையினும் வீட்டு வாசலுக்கும் சேவைக்கும் இடையிலான தொலைவே பொருத்தமான அளவுகோலாகும்.