இறந்த டால்பினின் விழிக்கூழ்

கரையொதுங்கிக் கிடக்கும் டால்பின் வலையில் சிக்கி மாண்டதா, முன்னரே நோயுற்றிருந்ததா? இறந்தபின் குருதியின் வேதியியல் விரைவில் குலைந்துவிடுவதால் அது நம்பத்தக்க சான்றாகாது. விழிக்கோளத்தை நிரப்பும் தெளிந்த கூழோ, குடல் கிருமிகள் எளிதில் எட்டாத உறைக்குள் இருப்பதால் மெல்லவே கெடுகிறது.

இதனை முதலில் உணர்ந்தது மனிதரின் பிணக்கூறாய்வு. 1959இல் நௌமன் இறந்தோரின் விழிக்கூழை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். 1960களில், இறந்தபின் அதில் பொட்டாசியம் ஏறும் அளவைக்கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கும் முறை வளர்ந்தது. யூரியாவோ பெரிதும் மாறாமல் நிற்பதை 1969இல் ஜான் கோவின் ஆய்வு காட்டிற்று.

அவ்வறிவே பின்னர் கடற்கரைக்கு வந்தது. விழிக்கூழில் யூரியா மிகுந்திருந்தால் சிறுநீரகக் கேட்டையோ உடல் நீர்வற்றலையோ ஐயுறலாம். ஆயினும் டால்பினுக்கு யூரியா இயல்பாகவே மிகுதி. மனித அளவுகோல் அங்குப் பொருந்தாது. நலமுள்ள டால்பினின் அளவை அறிந்த பின்னரே இறந்ததன் விழி சான்றாகும்.