ராப் குழுக்கள்

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் தம் போர் அனுபவங்களைத் தமக்குள் மனம்விட்டுப் பேசி, இயல்பு வாழ்வுக்குத் திரும்ப வழிதேடிய உரையாடல் குழுக்கள். ‘ராப்’ என்பது இங்கு இசை வகையை அன்று, ஒளிவுமறைவற்ற பேச்சைக் குறிக்கும்.

தோற்றம்: 1970 இறுதியில் நியூயார்க்கில், போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் தொடங்கினர். உளமருத்துவர்கள் ராபர்ட் ஜே லிஃப்டன், ஹாயிம் ஷட்டன் ஆகியோர் துணைநின்றனர். வீரர்கள் பெரும்பாலும் ஓராண்டுப் பணிக்காலம் முடிந்ததும் தனித்தனியே ஊர் திரும்பினர். உடன் போரிட்டவர்களோடு இருந்த பிணைப்பு அறுந்தது. படைத்துறை சார்ந்த மருத்துவத்தின் மீது பலருக்கு நம்பிக்கையும் இல்லை.

முறை: வாரந்தோறும் வீரர்களின் இடத்திலேயே கூடினர். மருத்துவர், நோயாளி என்ற ஏற்றத்தாழ்வு தவிர்க்கப்பட்டது. மருத்துவர்களும் தம் உணர்வுகளைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தோழர் மடியத் தாம் பிழைத்த குற்றவுணர்வு, கொலையின் நினைவு, அடங்காச் சினம், உணர்வு மரத்துப்போதல், நெருங்கியவர்களையும் நம்ப இயலாமை ஆகியவை பேசப்பட்டன. அதே களத்தைக் கண்டவர் கேட்டதால், சொல்வதற்கான கூச்சம் குறைந்தது.

தாக்கம்: இக்குழுக்களின் அனுபவத்தை லிஃப்டன் 1973இல் நூலாக்கினார். 1979இல் அமெரிக்க நாடாளுமன்றம் முன்னாள் வீரர்களுக்கான சமூக ஆலோசனை மையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ இடம்பெற்றது. அம்மையங்கள் பிற்காலப் போர்களின் வீரர்களுக்கும் குழு ஆலோசனை வழங்கிவருகின்றன.