உழவர் கூட்டமும் உழவர் குரலும்: திருகோணமலையை மையமாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் உட்துறைமுகத்தை நோக்கி நிற்கும் மேட்டினை ஆங்கிலேயர் ஓர்ஸ் ஹில் என எழுதினர்; தமிழ் மக்கள் உவர்மலை என்பர். இரு பெயர்களுக்கும் இடையிலுள்ள ஒலியொப்புமை வெளிப்படையானது. எனினும், கமக்காரனின் செவியில் 'உவர்' என்னுஞ் சொல் பிறிதொரு பொருளையும் எழுப்பும். நெல் விளையாத நிலமே உவர்நிலம். 1988இல் வடக்குக் கிழக்கு மாகாண சபை திருகோணமலையைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிற்படத் தொடங்கியதன் பின்னர், மாகாண நிருவாகத்தின் பணிமனைகள் பல இம்மேட்டிலும் இதன் அயலிலும் அமைந்தன. தம்பலகாமம், கந்தளாய், மூதூர் ஆகிய நெல்விளை பகுதிகளின் நீர், விதை, பசளை பற்றிய முறையீடுகள் நகரத்துப் பணிமனைகளை நோக்கி மேலேறுகின்றன. சுற்றறிக்கைகள் அங்கிருந்து கீழிறங்குகின்றன. மேலேறும் முறையீட்டிற்கும் கீழிறங்கும் சுற்றறிக்கைக்கும் இடையே உழவர் தாமே கூடிப் பேசித் தீர்மானிக்கும் ஓரிடம் உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

சேதன விவசாயம் பற்றியும் சிறுபற்றுநிலக் கமக்காரரின் எதிர்காலம் பற்றியும் மாநாடுகளும் பயிலரங்குகளும் இன்று பெருந்தொகையாகக் கூட்டப்படுகின்றன. இவற்றைப் புதுமையெனக் கருதுவோர் பலர். ஆனால், உழவர் கூட்டம் நம்மிடையே நீண்ட வரலாறுடைய ஒரு நிறுவனமாகும். அவ்வரலாற்றை நோக்குங்கால் மூன்று வினாக்களைக் கைக்கொள்ளுதல் பொருத்தமானது எனக் கருதுகின்றோம். கூட்டத்தைக் கூட்டியோர் யாவர்? அதிற் பேசும் உரிமை எவருக்கு இருந்தது? அங்கு எடுக்கப்பட்ட முடிவு எவரைக் கட்டுப்படுத்திற்று?

நிலமுடையோர் சபை

கந்தளாயிற் கிடைத்த சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனம், இராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிரமதேயத்தையும் அதன் பெருங்குறிப் பெருமக்களையும் குறிப்பிடுகின்றது. பெருங்குளமொன்றின் அயலிலே பதினோராம் நூற்றாண்டில் இத்தகைய சபையொன்று நிலவியமை கவனத்திற்குரியது. சோழநாட்டுச் சபைகளின் அமைப்பினை உத்தரமேரூர்ச் சாசனங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாம் பராந்தகனின் ஆட்சியில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அச்சாசனங்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலானவற்றிற்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரியும் விதிகளை உரைக்கின்றன. இதனைக் குடியாட்சியின் தொட்டிலெனப் போற்றுவோர், அவ்விதிகளில் ஒன்றினை விரைந்து கடந்து விடுகின்றனர். வரிசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவரே பொதுவாகத் தெரிவுக்குரியவர். ஏரியைத் தூர்வாரியவனும் நாற்று நட்டவளும் சபையில் இல்லை.

ஊரெல்லையைக் கடந்த உழவர் இணைப்பு ஒன்றும் தமிழகத்தில் இருந்தது. மேழியைச் சின்னமாகக் கொண்ட சித்திரமேழிப் பெரியநாட்டார் பல நாடுகளிலிருந்து ஒன்றுகூடித் தீர்மானங்கள் செய்தனர். தம்முள் வரி விதித்துக் கோயில்களுக்கு வழங்கினர். அவர்களும் நிலக்கிழாரே. ஆகவே, உழவர் கூட்டம் தொன்மையானது என்பதும், அது உழுதவர் அனைவரின் கூட்டமாக இருக்கவில்லை என்பதும் ஒருங்கே மனங்கொள்ள வேண்டியவை.

போகத் தொடக்கக் கூட்டம்

குளத்துநீர் பாயும் வயலில் ஒருவன் தனித்து வேளாண்மை செய்தல் இயலாது. ஒரே வாய்க்காலில் நீர் பெறுவோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உழுது விதைத்தாலன்றி நீர் போதாது. ஒருவன் அறுவடை செய்ய மற்றவன் வயல் பசுமையாக நின்றால் மாடுகளைக் கட்டுப்படுத்த முடியாது. இத்தேவையினின்று எழுந்ததே ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டமாகும். சிங்களத்தில் 'கன்ன' என்பது போகத்தைக் குறிக்கும். இக்கூட்டமும் அப்பெயராலேயே வழங்கும். முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பிற்கு இறுதி நாள், இவ்வளவு நீருக்கு இவ்வளவு ஏக்கர் என்னும் அளவு, மூன்றரை மாத நெல்லா நான்கு மாத நெல்லா என்னும் தெரிவு, வாய்க்கால் துப்புரவு, கால்நடைகளை அப்புறப்படுத்தும் தவணை ஆகியவை அங்கே முடிவாகும். நீர் குறைந்த போகத்தில், குளத்திற்கு அண்மையிலுள்ள ஒரு பகுதி நிலத்தை மட்டும் அனைவரும் பகிர்ந்து செய்யும் 'பெத்ம' முறையும் இத்தகைய கூட்டு முடிவினாலேயே நடைமுறைக்கு வரும். வாய்க்காலின் ஒழுங்கைக் கிழக்கில் வட்டவிதானை மேற்பார்த்தார்.

1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கிற்று. ஆயின் அதனோடு பிணைந்திருந்த குளப் பராமரிப்பும் தளர்ந்தது. தேசாதிபதி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நீர்ப்பாசனமும் நெற்செய்கையும் பற்றிய பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலுவை அளித்தது. மரபு மீட்கப்பட்டது என்பது ஒருபுறம். மறுபுறம், உழவர் தம் தேவையின் நிமித்தம் கூடிய கூட்டம் அரசாங்க அதிபரின் தலைமைக்கு உட்பட்டது. நிலம் போடியாரிடம் இருந்தது. அவரிடம் வாரத்திற்கோ கூலிக்கோ வயல் செய்தவன் கூட்டத்தின் ஓரத்திலேயே நின்றான்.

கற்பிப்போரும் கற்போரும்

1904இல் தேசாதிபதி பிளேக் இலங்கை விவசாயச் சங்கத்தைத் தொடக்கி வைத்தார். 1906இல் பேராதனையில் இறப்பர்க் கண்காட்சி நிகழ்ந்தது; 1912இல் விவசாயத் திணைக்களம் தோன்றிற்று. கல்வி நோக்குடைய விவசாய மாநாடு என்னும் நவீன வடிவம் இவ்வாறே இந்நாட்டிற்கு வந்தது. பெருந்தோட்ட முதலாளிகளுக்கு அது கருத்துப் பரிமாற்றக் களமாகவும் வணிகத் தொடர்புக் களமாகவும் அமைந்தது. நெற்செய்கையாளனுக்கோ அது பள்ளிக்கூடமாயிற்று. அவன் அறியாதவன், அறிவிக்கப்பட வேண்டியவன் என்னும் நோக்கு அங்கு வேரூன்றிற்று.

இந்நோக்கின் பிழையை விதையின் வரலாறு ஒன்றே உணர்த்தும். 1950களின் பிற்பகுதியில் வெளியிடப்பட்டு இலங்கையின் நெல் விளைச்சலை உயர்த்திய எச்-4 என்னும் இனம், முருங்கைக்காயன் என்னும் உள்நாட்டு நெல்லையும் மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் கலந்து பெறப்பட்டதாகும். முருங்கைக்காயனைப் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக் காத்தவர் பெயரற்ற கமக்காரர். ஆய்வுக்கூடத்தின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அச்சாதனையின் முதற்பாதி வயலிலே நிகழ்ந்தது என்பதை மாநாட்டு மேடைகள் மறந்துவிட்டன.

உரிமை பெற்ற கூட்டமும் இழந்த கூட்டமும்

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த இச்சட்டம் குத்தகைக் குடியானவனுக்கு நிலத்தில் நிலைபேற்றினை அளிக்க முற்பட்டதோடு, தெரிவு செய்யப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் நிறுவிற்று. உடைமையாலன்றி உழைப்பால் ஒருவன் கூட்டத்திற் குரல்பெறும் வாய்ப்பினைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நிலவுடைமையாளரின் எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. குடியானவர் பலர் வெளியேற்றப்பட்டனர். 1972, 1973 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் குழு உறுப்பினரைத் தெரிவு செய்வதற்குப் பதிலாக நியமிக்கும் முறையைப் புகுத்தின. 1979ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டம் பழைய குழுக்களை அகற்றிற்று. 1991ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தாலும் கமக்காரர் அமைப்புக்கள் சட்ட ஏற்புப் பெற்றன. வாக்கால் பிறந்த குழு நியமனத்தால் உயிரிழந்தது என்பதே இம்முப்பதாண்டுகளின் படிப்பினை.

இக்காலத்தில் கிழக்கிலே நிகழ்ந்த ஒரு பரிசோதனை ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டப் பகுதி 1956இல் இனவன்செயலைக் கண்ட நிலமாகும். அங்கு இடது கரை வாய்க்கால்களில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்ணல் பல்கலைக்கழகமும் இணைந்து 1980களின் தொடக்கத்தில் உழவர் அமைப்புக்களை உருவாக்க முயன்றன. மேலிருந்து சங்கம் அமைக்கும் வழக்கமான முறை கைவிடப்பட்டது. இளம் அமைப்பாளர்கள் வயலிலே தங்கி, ஒரே சிறுவாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து குடும்பங்களை முதலிற் பேச வைத்தனர். வாய்க்கால் தூர்வாரும் வேலையே முதற் கூட்டத்தின் பொருளாயிற்று; சங்க விதிகள் பின்னரே வந்தன. தலைவாய்க்காற் கமக்காரர் நீரைச் சிக்கனப்படுத்திக் கடைவாய்க்காலுக்கு அனுப்பினர். சிங்களக் கமக்காரர் மிச்சப்படுத்திய நீர் தமிழ்க் கமக்காரரின் வயலுக்குச் சென்றமையும் பதிவாகியுள்ளது. இம்முயற்சியில் ஈடுபட்ட நோர்மன் அப்ஹோவ், 1983இல் மடகாஸ்கரில் என்றி த லொலானியே என்னும் பாதிரியார் உழவரோடு சேர்ந்து வகுத்த குறைந்த நீர், குறைந்த விதை நெற்செய்கை முறையைப் பிற்காலத்தில் உலகெங்கும் அறிமுகப்படுத்தியவர். தமிழகத்தில் அது செம்மை நெல் சாகுபடி எனப்படுகின்றது.

இதற்கு நேர்மாறான காட்சியைத் திருகோணமலை மாவட்டம் கண்டது. 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கட்டின் மடை தமிழீழ விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது. சேருவிலைப் பகுதியிலும் அதன் அயலிலும் மூவின உழவரும் நம்பியிருந்த நீர் போர்க்கருவியாயிற்று. அரசு படையை ஏவிற்று. மூதூரின் முஸ்லிம்களும் சம்பூரின் தமிழரும் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களுட் பலர் தம் நிலத்திற்கு மீள 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. வாய்க்காலருகே கூடிப் பேச வேண்டிய பொருளைத் துப்பாக்கிகள் பேசும்போது, மூன்று இனத்து உழவரும் ஒருங்கே தோற்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விதையைச் சுற்றிய சபை

தமிழகத்தில் கோ. நம்மாழ்வார் (1938–2013) கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையப் பணியைத் துறந்து வெளியேறியவர். உழவரிடம் கற்காத ஆராய்ச்சி உழவருக்குப் பயன்படாது என்பதே அவர்தம் வாழ்வின் சாரம். அவரைப் பின்பற்றிய நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருவோருக்கு இரண்டு கிலோ மரபு விதைநெல் வழங்கப்படும். மறு ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் மறைவதற்குள் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் மீட்கப்பட்டிருந்தன. இங்கு மாநாடு ஒரு நாளோடு முடிவதில்லை. கடனாகப் பெற்ற விதை ஓராண்டு வயலில் நின்று, மீண்டும் கூட்டத்திற்கு வந்து, பிறிதோர் உழவன் கைக்குச் செல்கின்றது. உறுப்புரிமைக்கு அடையாளம் சந்தாச் சீட்டு அன்று, விளைந்த நெல். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் முதலிய நெல்லினங்களை இன்றும் நினைவிற் கொண்டுள்ள ஈழத்து உழவருக்கு இம்முறை அந்நியமானதன்று.

உலகளாவிய நிலையிலும் இத்தகைய போக்கினைக் காணலாம். 1993இல் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் தோன்றிய லா வியா கம்பசினா, சிற்றுழவர் அமைப்புக்களைக் கண்டங்கள் கடந்து இணைத்தது. 2007இல் மாலி நாட்டின் நியேலெனியில் ஏறத்தாழ எண்பது நாடுகளைச் சேர்ந்தோர் கூடி உணவு இறைமை பற்றிப் பிரகடனம் செய்தனர்.

2021 உணர்த்துவது

கூட்டம் இன்றிப் பிறக்கும் கொள்கை என்னாகும் என்பதை இலங்கை 2021இல் கண்டது. சேதன விவசாயத்திற்குப் பத்தாண்டுகளிற் படிப்படியாக மாறுவதாக 2019 தேர்தலில் வாக்களித்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. அப்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதன முறையிற் பல்லாண்டு அனுபவமுள்ள உழவர் அறிந்த எளிய உண்மைகள் பல. மண் ஓரிரு போகத்தில் மாறாது. இலைதழையும் சாணமும் கிடைக்குமளவே நிலம் மாறலாம். விதையையும் உடன் மாற்ற வேண்டும். இவற்றைக் கூறவல்லவரின் சொல் ஆணையைத் தடுத்து நிறுத்தவில்லை. நற்பெயருடைய ஒரு கருத்து ஆணையாக இறங்கியதால் அவப்பெயர் எய்திற்று. அந்த இழப்பு சிற்றுழவனுடையது. தாம் கூட்டாத கூட்டத்தின் முடிவுக்கு அவன் தன் களஞ்சியத்தை ஈடு வைத்தான்.

இவ்விடத்தில் உற்பத்தி உறவுகளையும் மறத்தலாகாது. ஒரு போகத்திற்குக் குத்தகை எடுத்தவன், மூன்றாண்டுகளின் பின்னர் பலன்தரும் மண்வளத்திற்கு ஏன் உழைப்பான்? அம்மண் அப்போது எவன் கையிலிருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. சேதன விவசாயம் பசளையின் வினா மட்டுமன்று, நிலவுரிமையின் வினாவுமாகும். பெண்களின் நிலையும் அத்தகையதே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேற்றக் காணிகளின் உரித்தில் ஆண் வாரிசுக்கே முதன்மை அளித்தது. 2022இலேயே அது திருத்தப்பட்டது. நாற்று நட்டு, களைபிடுங்கி, விதைநெல்லைக் காத்த பெண், காணிப்பத்திரம் இன்மையால் கூட்டத்தில் வாக்கற்றவளாக இருந்தாள். உத்தரமேரூரின் கால்வேலி ஆயிரம் ஆண்டுகள் வேறு வேறு பெயர்களில் வாழ்ந்திருக்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உழவர் கூட்டத்தின் வலு அதன் அளவிலன்று, அது தீர்மானிக்கும் பொருளிலேயே தங்கியுள்ளது. நீர் திறக்கும் நாளை முடிவு செய்யும் சிற்றூர்க் கூட்டம், சொற்பொழிவு மட்டும் நிகழும் மாநாட்டினும் வலிது. இரண்டாவது, நிலத்தாளின் உரிமையால் அன்றி உழைப்பின் உரிமையால் உறுப்புரிமை அமையுமிடத்தே அது மக்கள் நிறுவனமாகும். மூன்றாவது, ஒரே வாய்க்காலில் நீர் பெறும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தாலன்றிக் கிழக்கின் வேளாண்மைக்கு விடிவு இல்லை.

பல்கலைக்கழகத்தாராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. உழவர் மாநாடுகளில் நாம் இதுகாறும் மேடையிலேயே அமர்ந்து வந்துள்ளோம். ஒரு போகத்திற்கேனும் தம்பலகாமத்து வயற்கரையில், கூட்டத்தின் நடுவே அமர்ந்து குறிப்பெடுப்போமாயின், எழுதப்பட வேண்டிய வரலாறு அங்கேயே தொடங்கும்.