ஏடும் பந்தும்

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் மலைபோல் குவியும் கோடைக்காலம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலயத்தின் வெளியே வந்தபோது, நாம் நெடுநாளாக அறிந்த ஒரு தாய் நம்மை நிறுத்தினார். முந்திரித் தோப்புகளில் கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். பத்தாம் வகுப்பை முடித்திருந்த மூத்த மகள் அருகில் தலைகுனிந்து நின்றாள். அவளைக் கடலூருக்குக் கால்பந்துப் பயிற்சிக்கு அனுப்புமாறு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் கேட்டிருக்கிறார். “ஐயா, இவ படிக்கணுமா, பந்தாடணுமா? நீங்க நாலும் தெரிஞ்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் அந்தத் தாய்.

நாலும் தெரிந்தவர் என்னும் பட்டம் நமக்குப் பொருந்தாது என்பதை அந்த நொடியில் உணர்ந்தோம். ஒரு வாரம் தவணை கேட்டு வீடு திரும்பினோம். அந்த ஒரு வாரத்தில் நாம் புரட்டிப் பார்த்த வரலாற்றையே வாசகர்களோடு இங்குப் பகிர்ந்துகொள்கிறோம். ஏனெனில் அந்தத் தாயின் கேள்வி, புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களே நூறாண்டுகளாக விடை தேடும் கேள்வி. அறிவைத் தன் முதற்பணியாகக் கொண்ட ஒரு நிறுவனம், பெரும் விளையாட்டு அரங்கிலும் நின்று வெல்ல முடியுமா? வென்றால் எதை விலையாகக் கொடுக்கிறது?

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் அமெரிக்கா. அங்கே கால்பந்து என்பது, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி மோதி முன்னேறும் ஆட்டம். சிகாகோ பல்கலைக்கழகம் 1892-இல் வகுப்புகளைத் தொடங்கியபோதே ஸ்டாக் என்னும் பயிற்சியாளரையும் பணியில் அமர்த்தியது. நாற்பது ஆண்டுகள் அவர் அங்கே இருந்தார். 1935-இல் நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற பெர்வாங்கர் சிகாகோவின் மாணவரே. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் படிப்பின் தரத்தை உயர்த்திக்கொண்டே போக, அணி சரிந்தது. 1939-இல் மிச்சிகன் அணியிடம் 85-0 என்னும் கணக்கில் தோற்றது. அந்த ஆண்டின் இறுதியில் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கால்பந்தையே நிறுத்திவிட்டார். விளையாட்டு வணிகமாகிவிட்ட நிலையில் பல்கலைக்கழகம் அந்த வணிகத்தை நடத்த வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை.

இதன் பின்னுரை வியப்பானது. ஆட்டம் நின்றுபோன அதே அரங்கின் பார்வையாளர் படிக்கட்டுகளுக்குக் கீழே, 1942 டிசம்பர் 2-ஆம் நாள், என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவினர் கட்டுப்படுத்தப்பட்ட முதல் அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். பந்தை விட்டதால்தான் அறிவியல் வளர்ந்தது என்று இதைக்கொண்டு வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நாம் ஏற்கத் தயங்குகிறோம். காலியாக இருந்த இடம் பயன்பட்டது என்பதே உண்மை. அணுகுண்டுக்கு இட்டுச் சென்ற அந்த வினையைக் கால்பந்தைவிட மேலான கனி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. 1969-இல் சிகாகோ மீண்டும் கால்பந்து ஆடத் தொடங்கியது. ஆனால் பெரும் அரங்கிற்குத் திரும்பாமல், சிறிய அளவில், ஆடும் மகிழ்ச்சிக்காக.

இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டது கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்ரே டாம். திருச்சிலுவைச் சபையின் அருட்தந்தை எட்வர்டு சோரின் 1842-இல் நிறுவியது அது. அதன் கால்பந்துப் புகழை உலகறியச் செய்த க்னூட் ராக்னி, அங்கேயே பயின்று, அருட்தந்தை ஜூலியஸ் நியூலண்டின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகவும் இருந்தவர். செயற்கை ரப்பரின் வரலாற்றில் இடம்பெற்ற அறிஞர் நியூலண்டு. ஆய்வுக்குடுவையும் பந்தும் ஒரே கையில் இருந்த காலம் அது. புலம்பெயர்ந்து வந்து, ஏளனத்துக்கு ஆளான ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு அந்த அணியின் வெற்றி தலைநிமிர்வைத் தந்தது. பின்னர் 1952 முதல் 1987 வரை தலைவராக இருந்த அருட்தந்தை தியோடர் ஹெஸ்பர்க், விளையாட்டுப் புகழுக்கு ஈடாகக் கல்விப் புகழையும் வளர்ப்பதே தம் கடமை என்று உழைத்தார். அவர் பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 1988-இல், அணி தேசியப் பட்டம் வென்றது. அதற்குப் பின் அப்பட்டம் கைகூடவில்லை. 2025 ஜனவரியில் இறுதி ஆட்டம் வரை வந்து, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 34-23 என்று தோற்றது. ஆக, முடியும் என்பதற்கும் நோட்ரே டாமே சான்று. எளிதல்ல என்பதற்கும் அதுவே சான்று.

இன்று அங்கே நிலைமை மேலும் மாறிவிட்டது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கிடலாம் என்று வரம்பு வகுத்திருக்கிறார்கள். நெடுங்காலம் பிறர் உழைப்பில் அரங்குகள் நிரம்பின. உழைத்தவருக்கும் பங்கு வேண்டும் என்பது நீதியே. ஆயினும் மாணவர் என்ற சொல்லுக்கு இனி அங்கே என்ன பொருள் என்னும் வினா எழாமல் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடையே இந்தப் பூசல் வேறு உருவம் கொண்டது. இங்கே பணம் பெரிதாக இல்லை, தேர்வுதான் பெரிது. 1920-இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, உடற்பயிற்சியும் கல்வியே என்று நிறுவ முயன்றார். ஐந்தாண்டுகள் கழித்து, 1925-இல், இயேசு சபைத் தந்தை பெர்ட்ரம் லயோலா கல்லூரியை நிறுவினார். அவர் பெயரால் கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் போட்டியில் ஆட, 1951-இல் பள்ளிச் சிறுவன் ஒருவனுக்குக் கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி தந்தார். அச்சிறுவன் வென்றான். நாகர்கோவிலில் பிறந்த அந்த இராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டமும், 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதியும் கண்டார். பின்னாளில் விஜய் அமிர்தராஜும், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்தும் அதே கல்லூரியில் பயின்றவர்களே. விதியைச் சற்றே தளர்த்திய ஒரு முதல்வரின் மனத்தை நாம் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இவர்களெல்லாம் தனியாள் ஆட்டக்காரர்கள். மேதை ஒருவனுக்கு விடுப்புத் தருவது எளிது. பதினொருவர் கொண்ட அணியை ஆண்டுதோறும் வளர்ப்பது அரிது. கால்பந்தில் நமக்கு ஒளிவிடும் முன்மாதிரி, நாகர் குலத்துத் தாலிமெரன் ஆவ். கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்துகொண்டே மோகன் பகானுக்கு ஆடியவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர். வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டத்தில் பிரான்சிடம் 2-1 என்று தோற்றோம். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கழகம் ஒன்று அழைத்தும், மருத்துவப் படிப்பை முடிப்பதற்காக அவர் மறுத்தார் என்று சொல்வார்கள். 1950-இல் பட்டம் பெற்றார். பின்னர் தம் மண்ணுக்கே திரும்பி, நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகப் பணியாற்றினார். பந்தும் ஏடும் ஒருவரிடத்தில் பகையின்றி வாழ முடியும் என்பதற்கு இவரைவிடச் சான்று வேண்டுமோ?

நம் வட்டாரத்துக்கு வருவோம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தம் மீனாட்சிக் கல்லூரி முதலிய நிறுவனங்களோடு இருபது லட்சம் ரூபாயையும் அளித்தார். கற்போரும் கற்பிப்போரும் ஒரே வளாகத்தில் உறைவது அதன் தனிச்சிறப்பு. மற்றப் பல்கலைக்கழகங்களின் அணி என்பது பல ஊர்க் கல்லூரிகளிலிருந்து சில நாள்களுக்கு முன் திரட்டப்படும் கூட்டம். சிதம்பரத்திலோ மாணவர் காலையிலும் மாலையிலும் ஒரே திடலில் ஆடலாம். இவ்வளவு வாய்ப்பிருந்தும், தமிழாலும் தமிழிசையாலும் உலகறிந்த அந்தப் பெயர், பந்தாட்டத்தால் அதே அளவுக்கு அறியப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு நிறுவனம் எதற்குத் தன் நேரத்தையும் பொருளையும் கொடுக்கிறதோ அதிலேதான் சிறக்கும். 1969-இல் அமிர்தசரசில் தொடங்கிய குரு நானக் தேவ் பல்கலைக்கழகம், விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கான மௌலானா ஆசாத் கோப்பையை இருபது முறைக்கு மேல் வென்றிருக்கிறது. அந்த மண் விளையாட்டைக் கல்விக்குச் சமமாக வைத்துப் பொருள் கொடுத்தது, பலன் கிடைத்தது.

பலா மரத்தில் பிஞ்சுகள் அடர்ந்து பிடித்தால், சிலவற்றை முன்னதாகவே கழித்துவிடுவது நம் தோட்டக்காரர் வழக்கம். கழித்த பிஞ்சு கறிக்கு ஆகும். நின்றது பெருத்துப் பழுக்கும். கல்விநிறுவனத்துக்கும் இதே கணக்குத்தான். எல்லா ஆட்டத்திலும் முதலிடம் நாடினால் எதுவும் பழுக்காது. ஆனால் மரத்தில் கழிப்பது பிஞ்சை. பள்ளியில் கழிப்பது பிள்ளையை என்பதை மறந்துவிடலாகாது.

கடலூரில் நிகழ்ந்தது இந்தக் கணக்கையே புரட்டிப் போட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரைச் சிற்றூர்களைத் தாக்கியது. ஆதரவிழந்த பிள்ளைகளுக்கென அமைந்த அரசு இல்லத்துச் சிறுமியர் சிலர், மாரியப்பன் என்னும் பயிற்சியாளரின் துணையோடு பந்தை உதைக்கத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த கழகத்தின் பெயரிலேயே இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்று இரண்டும் இணைந்து நிற்கின்றன. 2018-இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக் போட்டியில் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக இக்கழகமும் களம் கண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், கட்டாக்கில், தமிழ்நாடு மகளிர் அணி நெடுங்கால வல்லரசான மணிப்பூரை 2-1 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றது. கடலூர்ப் பெண்கள் அதில் ஆடினர். 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை அதே கணக்கில் வென்று அப்பட்டத்தை மீண்டும் கொணர்ந்தது தமிழ்நாடு. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியதோடு, காவல்துறையில் உதவி ஆய்வாளராகி, 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் சென்னைத் தெருக்களில் பணி செய்தார். பெரும் பல்கலைக்கழகம் எதுவும் தொடங்கிவைக்காத செயல் இது. பந்து அப்பெண்களைப் படிப்பிலிருந்து விலக்கவில்லை. உண்ண உணவும் தங்க இடமும் பள்ளியும் பணியும் பந்தின் வழியே பலருக்கு வந்தன.

இவற்றையெல்லாம் எழுதிவரும்போது ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. 1980-களின் பிற்பகுதியில் நாம் ஒரு பள்ளியில் வகுப்பாசிரியராக இருந்தோம். வண்டியோட்டி ஒருவரின் மகன் மாவட்ட அணிக்குத் தேர்வானான். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். விடுப்புக் கடிதத்தில் நம் கையெழுத்து வேண்டும் என்று வந்து நின்றான். “முதலில் படிப்பு” என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவன் தேர்ச்சி பெற்றான். இன்று சிறு கடை வைத்து நன்றாகவே வாழ்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: “அன்னிக்குப் போயிருந்தா தோத்துத்தான் சார் வந்திருப்போம். ஆனா ஆடியிருப்பேன்.” அந்தச் சிரிப்பில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே அது நம்மை விட்டு அகலவில்லை. லயோலாவின் முதல்வர் தளர்த்திய விதியை நாம் இறுக்கிப் பிடித்தோம்.

எனவே நம் முடிவு இது. அறிவுக்கான நிறுவனம் பெரும் விளையாட்டில் போட்டியிட முடியும். ஆனால் எதற்காகப் போட்டியிடுகிறது என்பதை மறந்தால், வென்றாலும் தோற்றதே. அரங்கின் ஆரவாரம் நிறுவனத்தின் பெயருக்குப் பயன்படலாம். ஆடியவர் கையில் என்ன மிஞ்சியது என்பதே அளவுகோல். ஹட்சின்ஸ் ஆட்டத்தை நிறுத்தியதும், ஹெஸ்பர்க் அதைத் தொடரவிட்டதும் இந்த ஒரே அளவுகோலால்தான் நிறுக்கப்பட வேண்டும்.

மறு ஞாயிறு அந்தத் தாயும் மகளும் காத்திருந்தனர். கழகத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னோம். பயிற்சி போக எத்தனை மணிநேரம் வகுப்பு? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? ஆட்டம் நின்றுபோகும் நாளில் பெண்ணின் கையில் என்ன படிப்பு இருக்கும்? மகள் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பத்து நாள் கழித்து விடைகளோடு வந்தாள். மூன்றும் மனநிறைவு தருவனவாகவே இருந்தன. விண்ணப்பத்தில் பெற்றோருக்குத் துணையாகச் சாட்சிக் கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. இந்த முறை நாமே பேனாவை எடுத்தோம்.